மலை ஒன்று, காரணம் பல



இன்றைய பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. மனிதர்களுக்குப் பயணம் ஏன் பிடிக்கிறது? யாரிடம் கேட்டாலும் பதில் உடனே வந்துவிடும். ஊட்டிக்குப் போய்வந்தவரைக் கேட்டால் குளிர் என்பார், தாவரவியல் பூங்கா என்பார், மலை ரயில் என்பார். கவனித்துப் பார்த்தால் இவையெல்லாம் ஊரைப் பற்றிய பதில்கள். போனவரைப் பற்றி இவற்றில் ஒரு சொல்லும் இல்லை. அதே குளிரும் அதே பூங்காவும் அவருடைய பக்கத்து வீட்டுக்காரரை ஏன் இழுக்கவில்லை, அவரும் போயிருந்தால் ஏன் இரண்டாம் நாளே சலித்துத் திரும்பினார் என்பதற்கு இந்தப் பதில்களில் விளக்கம் கிடையாது. பயணத்தின் காரணம் போகிற ஊரைவிடப் போகிற ஆளிடம்தான் அதிகம் இருக்கிறது. அன்றாட வாழ்க்கையில் அவருக்கு எது கிடைக்காமல் இருக்கிறதோ அதுதான் அவரை வண்டி ஏற்றுகிறது. இதுதான் என் வாதம். இதைச் சோதித்துப் பார்க்க நீலகிரியைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை. இருநூறு ஆண்டுகளாக உயரம் அதே உயரம், குளிர் ஏறக்குறைய அதே குளிர். ஏறி வருகிறவர்கள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். இடத்தை நிலையாக வைத்துக்கொண்டு ஆட்களை ஒப்பிட்டுப் பார்க்க வரலாறே நமக்கு வசதி செய்து கொடுத்திருக்கிறது.

முதலில் ஓர் எல்லை போட்டுக்கொள்ள வேண்டும். இடம் பெயர்வதெல்லாம் பயணம் ஆகிவிடாது. இந்த மாவட்டத்தில் நின்றுகொண்டு அதைச் சொல்லாமல் மேலே போவது நியாயமும் இல்லை. 1964-இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், இலங்கை மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று முடிவானது. மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974-இல் இரண்டு நாடுகளும் பாதிக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் வந்து சேர்ந்த குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டமே பின்னால் டான்டீ என்ற கழகமானது. கடல் கடந்து வந்தவர்கள் அவர்கள். ஆனாலும் அந்த வருகையைப் பயணம் என்று சொல்ல நா எழவில்லை. போவதா வேண்டாமா என்பதை முடிவு செய்தது இரண்டு அரசாங்கங்கள். திரும்பிப் போவதற்கு அங்கே லயத்து அறைகூட மிச்சமில்லை. தன் முடிவால் கிளம்புவதும் திரும்பி வர ஒரு வீடு இருப்பதும் சேர்ந்த இடத்தில்தான் பயணம் பிடிக்கிறது என்ற பேச்சுக்கே வழி உண்டு. நான் இனிமேல் சொல்வதெல்லாம் அந்த எல்லைக்குள் அடங்கும்.

தன் விருப்பத்தால் ஏறி வந்தவர்களில் ஜான் சல்லிவனிலிருந்து தொடங்கலாம். கோயம்புத்தூர் கலெக்டரான அவர் 1819-இல் இந்த மலைக்கு வந்தார். சில ஆண்டுகளுக்குள் உதகையில் கல் பங்களா கட்டினார், ஏரிக்கு வேலை தொடங்கினார். அவர் அரசுக்கு எடுத்துச் சொன்ன காரணம் உடல்நலம். சமவெளி வெயிலிலும் காய்ச்சலிலும் நலிந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே தேறுவார்கள் என்பது அவர் வாதம். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் உடம்பைத் தேற்றிக்கொள்ள வந்தவர்கள் வந்த பிறகு என்ன செய்தார்கள் என்று பாருங்கள். கோஸும் உருளைக்கிழங்கும் ஆப்பிளும் பயிரிட்டார்கள். 1830-இல் செயின்ட் ஸ்டீபன் தேவாலயம் எழுந்தது. வேட்டைநாய்களை வைத்துக்கொண்டு குதிரையில் நரியைத் துரத்தும் தங்கள் ஊர் வழக்கத்தை இங்கே கொண்டுவந்தார்கள். அந்த ஊர் நரி கிடைக்காததால் குள்ளநரியைத் துரத்தினார்கள். மலை ரயிலின் நிலையப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமீடு, வெலிங்டன், லவ்டேல். இதில் ரன்னிமீடு என்பது மன்னர் ஜான் 1215-இல் மாக்னா கார்ட்டா என்ற மகா சாசனத்துக்கு முத்திரையிட்ட தேம்ஸ் கரைப் புல்வெளி. காய்ச்சல் தணிவதற்கு இவை எதுவும் தேவையில்லை. மாதக்கணக்கில் கப்பலில் போனால்தான் எட்டும் தூரத்தில் பிறந்த ஊரை விட்டுவந்தவர்களின் ஏக்கம்தான் இந்த மலையில் ஒரு சின்ன இங்கிலாந்தைக் கட்டிக்கொண்டது. புதிய இடத்தைப் பார்க்க அவர்கள் மலையேறவில்லை, பழகிய இடத்தைத் தேடித்தான் ஏறினார்கள்.  இந்த ஏக்கத்துக்கு விலை கொடுத்தவர்கள் வேறு. இந்த மலையின் பழங்குடியினரான தொதவர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகளில் பங்களாக்களும், பின்னர் அயல்நாட்டு மரங்களும் வந்து நின்றன.

இப்போது இதே மலைக்கு வந்த இன்னொரு வெள்ளைக்காரரைப் பார்ப்போம். ரிச்சர்ட் பர்ட்டன் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் இளம் அதிகாரி. 1847-இல் உடல்நலம் கெட்டு, மருத்துவ விடுப்பில் ஊட்டிக்கு வந்தார். அதே குளிர், அதே ஏரி. அவருக்கு ஊட்டி பிடிக்கவே இல்லை. 1851-இல் வெளிவந்த அவருடைய கோவா – நீலமலைப் பயண நூலின் ஊட்டிப் பகுதியில் சலிப்பு தெரிகிறது. வயது, பதவி, மொழி, நோய் எல்லாம் மற்ற அதிகாரிகளைப் போலத்தான். ஒரே ஒரு வேறுபாடு. பர்ட்டனின் பிள்ளைப் பருவம் பெரும்பாலும் பிரான்சிலும் இத்தாலியிலும் கழிந்தது. இங்கிலாந்துக்காக ஏங்கும் பழக்கம் அவருக்கு இல்லை. அந்நிய மொழிகளைக் கற்றுக்கொண்டு, மாறுவேடத்தில் அந்நியர்களோடு கலப்பதுதான் அவர் தேடிய இன்பம். 1853-இல் மாறுவேடத்தில் மெக்காவுக்கே போய்வந்தார். இங்கிலாந்தின் நகல் அவருக்கு எதைத் தந்துவிட முடியும்? சல்லிவனுக்கு வீடாக இருந்த மலை பர்ட்டனுக்கு அடைபட்ட அறையானது. மலை ஒன்றுதான். இருவருக்கும் இருந்த குறை வேறு.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு எனக்குத் தெரியும். இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டுமா, கோடையில் சமவெளி கொதிக்கிறது, மலை குளிர்கிறது, அதனால் மக்கள் ஏறுகிறார்கள், இதில் மர்மம் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். வெப்பம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது மட்டுமே காரணமாக இருந்தால் கூட்டம் மலை முழுவதும் பரவியிருக்க வேண்டும். உதகையிலிருந்து கோத்தகிரி முப்பது கிலோமீட்டர்தான். வெயிலுக்குத் தப்பி வந்தவருக்கு ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோத்தகிரியின் குளிரே போதும். மே மாதத்தில் உதகையின் சேரிங் கிராஸ் பக்கம் கால் வைக்க இடமிருக்காது; கோத்தகிரியில் அந்த நெரிசலில் பாதிகூட இருக்காது. அடுத்து, டிசம்பர், ஜனவரியைப் பாருங்கள். அப்போது கோயம்புத்தூரும் ஈரோடும் சுகமாகவே இருக்கின்றன. அந்த நாட்களில்தான் விடிகாலையில் தலைகுந்தாவில் புல்மேல் படிந்த உறைபனியைப் பார்ப்பதற்கென்று ஸ்வெட்டரும் குல்லாவுமாக மக்கள் வந்து நிற்கிறார்கள். நடுங்குவதற்காகவே வருகிறார்கள். வெயிலுக்குத் தப்பி வந்தவர்கள் என்று அவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? வெப்பம் எப்போது கிளம்பலாம் என்று சொல்கிறது. ஏன் கிளம்பினோம் என்பதை வேறு எதுவோ சொல்கிறது.

அந்த வேறு எது என்பதை நம் வீடுகளுக்குள்தான் தேட வேண்டும். தமிழ்க் குடும்பத்தில் தேனிலவு என்றதும் ஊட்டி என்ற பழக்கம் எப்படி வந்தது? மாமியார், மாமனார், நாத்தனார், சின்ன மாமனார் குடும்பம் எல்லாரும் புழங்கும் வீட்டில் புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசுவதே பாடு. அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு கதவு. அது ஊட்டி லாட்ஜில் கிடைத்தது. நடுவயதுப் பெண்ணைக் கேளுங்கள். காலையில் எழுந்ததும் அடுப்பு நினைப்பு இல்லாமல், அடுத்தவர் சமைத்துப் போட்டதை உட்கார்ந்து சாப்பிட்ட மூன்று நாள் என்பதுதான் பல பெண்களுக்குச் சுற்றுலாவின் முதல் அர்த்தம். அவர்கள் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை, தோட்டம் நன்றாக இருந்தது என்கிறார்கள். தன் சிறுவயதில் பள்ளி டூருக்குக் கொடுக்க வீட்டில் பணமில்லாமல் நின்றுபோன ஒருவர், தன் பிள்ளையைப் படகுத்துறைக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது இரண்டு பேருக்காக ஒரே டிக்கெட்டில் போகிறார். முப்பத்தைந்து வருடம் ஒரே அலுவலகத்துக்குப் போய்வந்தவர் ஓய்வுபெற்ற மறு மாதம் கிளம்புகிறார் என்றால், தன் நேரம் தன்னுடையதுதானா என்று தொட்டுப் பார்க்கிறார் என்று பொருள். இப்படி ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம். இந்த மலையைச் சேர்ந்த படுகர்களைப் பாருங்கள். கோவையிலும் சென்னையிலும் அதற்கு அப்பாலும் வேலை பார்க்கிறவர்கள் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வெள்ளை உடுத்திக்கொண்டு பேரகணியில் வந்து கூடுகிறார்கள். அவர்களும் அதே மலைச்சாலையில்தான் ஏறி வருகிறார்கள். ஆனால் அவர்கள் பார்க்க வருவது இயற்கைக் காட்சியை இல்லை. 1979-இல் ஜான் கிராம்ப்டன் என்ற ஆய்வாளர் விடுமுறைப் பயணிகளிடம் விரிவாகப் பேசி, பயணத்துக்கு ஒன்பது காரணங்களைப் பிரித்துக் காட்டினார். அன்றாடத்திலிருந்து விலகுவது, தன்னைத் தானே எடைபோடுவது, ஓய்வு, மதிப்பு, குழந்தைபோல் ஆவது, உறவை இறுக்கிக்கொள்வது, புதியவர்களோடு பழகுவது என்று ஏழு காரணங்கள் முழுக்க ஆளைச் சேர்ந்தவை. புதுமை, கல்வி என்ற இரண்டுக்கு மட்டுமே போகிற இடத்தோடு ஏதாவது தொடர்பு இருந்தது. நம் வீடுகளில் காண்பதும் இதுதான்.

மலை ரயிலை இந்த வாதத்தின் நேரடிச் சாட்சியாகவே சொல்வேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இலும் உதகை வரை 1908-இலும் ஓடத் தொடங்கிய பாதை அது. 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். கல்லாரைத் தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் பல்பட்டை தொடங்கும். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். எஞ்சின் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. பெட்டியின் முகப்பில் பிரேக் ஊழியர் கொடியோடு நிற்கிறார். பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி ஏற்றம். தண்ணீர் பிடிக்க ஹில்குரோவில் நிற்கும்போது எல்லாரும் இறங்குகிறார்கள், வடை வாங்குகிறார்கள், குரங்கிடம் வடையைப் பறிகொடுக்கிறார்கள். உதகை போய்ச் சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம். அதே மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம்தான். 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது என்பது பெருமை. ஆனால் கூட்டம் அதற்காக வருவதாக நான் நினைக்கவில்லை. வீட்டில் பஸ் ஐந்து நிமிடம் தாமதமானால் பொறுக்காத மனிதர், மணிக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஊரும் வண்டிக்கு வாரக்கணக்கில் முன்பே பதிவு செய்து காத்திருக்கிறார் என்றால் அவருக்கு என்ன வேண்டியிருக்கிறது? எதிர் எதிராக உட்கார்ந்து, எழுந்து போக வழியில்லாமல், பெண்டாட்டி பிள்ளைகளோடு ஐந்து மணி நேரம். அவசரம் தின்றுவிட்ட அந்த நேரத்தை அவர் காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறார். அவசரமே இல்லாத மலைக் கிராமத்துக்காரருக்கு இந்த ரயில் அவ்வளவு தேவைப்படாது. அவர் பஸ்ஸில்தான் போவார்.

சினிமாதான் ஊட்டி ஆசையை விதைத்தது, விளம்பரம் இல்லாவிட்டால் இந்தக் கூட்டம் ஏது என்பது இரண்டாவது மறுப்பு. பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை' 1982-இல் வந்தது. அதன் கடைசிக் காட்சி எடுக்கப்பட்ட கேத்தி ரயில் நிலையத்தைப் பார்க்க இன்றும் ஆட்கள் போகிறார்கள். சினிமாவுக்குப் பலம் உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டாம். ஆனால் படம் பார்த்த லட்சக்கணக்கானவர்களில் கேத்தி வரை போனவர்கள் எத்தனை பேர்? பிரிவைத் தன் வாழ்க்கையில் பார்த்தவர்களுக்கு, சொல்ல முடியாமல் போன ஒரு சொல்லை வைத்திருந்தவர்களுக்கு அந்த நடைமேடை ஓர் இடமானது. மற்றவர்களுக்கு அது படத்தில் வந்த ஒரு ஸ்டேஷன், அவ்வளவுதான். முன்பே இருந்த ஏக்கத்துக்கு முகவரி எழுதித் தரும் வேலையைத்தான் சினிமா செய்கிறது.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதற்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். பயணம் மனிதனுக்கு அப்படியென்ன நிறைவு தந்துவிடுகிறது, திரும்பி வந்த மறுநாளே பழைய குருடி கதவைத் திறடி என்றுதானே வாழ்க்கை நடக்கிறது என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆய்வும் அவர்கள் பக்கம் நிற்பதுபோல் தோன்றும். நெதர்லாந்தில் 1,530 பேரை வைத்து நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், விடுமுறைப் பயணம் போகப்போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பு மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தது தெரிந்தது. திரும்பி வந்த பிறகு இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இதோடு நிறுத்திக்கொண்டால் பயணமே வீண் என்று தீர்ப்பு எழுதிவிடலாம். ஆனால் அதே ஆய்வு ஒரு விதிவிலக்கையும் காட்டியது. மிகவும் நிதானமாக, மனம் லேசாகி ஓய்வாகக் கழித்ததாகச் சொன்னவர்களுக்கு மட்டும் அந்த மகிழ்ச்சி வீடு திரும்பிய பிறகும் சிறிது காலம் நீடித்தது. எந்தத் தேவைக்காகப் போனார்களோ அது நிறைவேறியவர்களுக்கே பயணம் ஒட்டுகிறது என்று நான் இதைப் படிக்கிறேன். ஓய்வு தேடி வந்தவரை டெம்போ டிராவலரில் ஏற்றி, ஒரே நாளில் தொட்டபெட்டா, ரோஜாத் தோட்டம், பூங்கா, போட் ஹவுஸ் என்றும், மறுநாள் சிம்ஸ் பூங்கா, லேம்ஸ் ராக், டால்பின்ஸ் நோஸ் என்றும் ஒவ்வோர் இடத்திலும் அரை மணி நேரம் இறக்கிவிட்டால், அவர் வர்க்கியும் சாக்லெட்டும் நீலகிரித் தைலமும் வாங்கிக்கொண்டு, வந்தபோது இருந்ததைவிடக் களைத்துத்தான் வீடு போய்ச் சேர்வார். குறை பயணத்தில் இல்லை. அவர் எதற்கு வந்தார் என்று யாருமே கேட்கவில்லை, அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்கைப் போய் மனிதத் தேவை என்று பெரிதாக்குகிறீர்களே என்றும் ஒரு மறுப்பு வரும். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. குன்னூர்ச் சாலையில் காரை ஓரங்கட்டிவிட்டுத் தேயிலைச் செடிக்கு நடுவே நின்று படம் எடுக்கிறார்கள். அதே நிரையில் இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிக்கொண்டு, ஈரத்தில் நின்று, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து எடுக்கிற பெண்ணுக்கு அது நிறுவைக்குப் போக வேண்டிய எடைக் கணக்கு. ஒருவர் ஓய்வெடுக்கும் இடம் இன்னொருவர் உழைக்கும் இடம். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பயண ஆசை கிடையாது என்று முடிவு கட்டுவது அவருக்குச் செய்யும் அநீதி. தோட்டத்துக் குடும்பங்கள் சீட்டுப் பிடித்துப் பணம் சேர்த்து, வேன் பேசி, பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போய்வருகின்றன. கோயிலுக்கு என்றுதான் கிளம்புகிறார்கள். வழியில் கடலில் கால் நனைக்கிறார்கள், பாட்டுப் போடுகிறார்கள், மேஸ்திரியின் குரல் கேட்காத இரண்டு காலைகளைப் பார்க்கிறார்கள். பணம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. ஆசையை அது உண்டாக்குவதும் இல்லை, அழிப்பதும் இல்லை. சமவெளிக்காரர் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறி வர, தோட்டத்துக்காரர் கடற்கரைக்கு இறங்கிப் போகிறார் என்பதே காரணம் ஊரில் இல்லை என்பதற்குப் போதுமான சான்று.

கடைசியாக, மலையின் தரப்பிலிருந்து வரும் மறுப்பு. இதை மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியதாக நான் மதிக்கிறேன். ஆளுக்கொரு காரணம் இருக்கலாம். ஆனால் எல்லாரும் ஏறி வந்தால் இந்த மலை தாங்குமா? தாங்காது என்பதால்தான் சென்னை உயர் நீதிமன்றம் 2024 மே 7 முதல் இ-பாஸ் முறையைக் கொண்டுவரச் சொன்னது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை, நீலகிரிக்குள் வார நாட்களில் 6,000 வண்டிகள், சனி ஞாயிறுகளில் 8,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வைத்தது. அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் அந்தக் கட்டுப்பாடு இருக்கவில்லை. 1986-இல் நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட நிலப்பரப்பில் இப்படி ஒரு வரம்பு வந்தது சரியே, அது இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனாலும் வரம்பு வண்டிகளை எண்ணும். வண்டிக்குள் இருக்கிறவர் எதற்கு வருகிறார் என்று கேட்க அதனால் முடியாது. அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் வருகிறவர்களில் பலருக்கு ஊட்டியே தேவைப்பட்டிருக்காது. கதவு வேண்டியவருக்கு ஊட்டிதான் வேண்டும் என்பதில்லை. அடுப்பு நினைப்பில்லாத மூன்று நாள் வேண்டிய பெண்ணுக்கு அவருடைய அக்கா வீடுகூடப் போதும், அங்கே அவரை அடுப்படிக்குள் விடாமல் இருந்தால். பிள்ளைகளோடு நேரம் வேண்டியவருக்குத் தன் மாவட்டத்திலேயே ஓர் ஆற்றங்கரை இருக்கும். மலையே வேண்டும் என்று உண்மையாக உணர்கிறவர்கள் மட்டும் ஏறினால் மலைக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும், ஏறுகிறவருக்கும் எதற்காக வந்தாரோ அது கிடைக்கும்.

ஊரைவிடப் போகிறவரை முதலில் பார்க்க வேண்டும் என்பது நம் முன்னோர்களுக்குத் தெரிந்திருந்தது. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள், அதாவது வழிகாட்டும் பாட்டுகள், இருக்கின்றன. அவற்றில் முருகாற்றுப்படை நீங்கலாக மற்ற நான்கும் வழிகாட்டப்படுகிறவரின் பெயரால் அமைந்தவை: பொருநர், சிறுபாணர், பெரும்பாணர், கூத்தர். கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம் 583 அடிகளில் ஒரு மலை வழியை விளக்குகிறது. எங்கே வழுக்கும், எந்தக் குடியில் என்ன சோறு கிடைக்கும், எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்றெல்லாம் சொல்கிறது. ஆனால் அந்த விளக்கம் தொடங்குவது நடக்கப்போகிறவர் யார் என்ற இடத்திலிருந்து. இன்றைய நம் சுற்றுலாக் கையேடுகள் எல்லாமே இடத்தின் பெயரால் இருக்கின்றன.

இந்த அரங்கில் விடுதி நடத்துகிறவர்களும் வண்டி ஓட்டுகிறவர்களும் வழிகாட்டிகளாகப் போகிற மாணவர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். வருகிறவரிடம் எத்தனை பாயிண்ட் பார்க்க வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், எதற்காக வந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஓய்வுக்கு என்றால் ஒரே இடத்தில் இரண்டு நாள் உட்காரவிடுங்கள். நடக்க என்றால் கோத்தகிரிப் பக்கம் அனுப்புங்கள். கிளம்பப்போகிற மற்றவர்களிடமும் இதையே கேட்டுக்கொள்கிறேன். இ-பாஸுக்கு விண்ணப்பிக்கும் முன் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து, உனக்கு என்ன வேண்டும் என்று ஒருவரையொருவர் கேளுங்கள். முக்கியமாக, இதுவரை யாரும் கேட்காத அம்மாவைக் கேளுங்கள். அவர் சொல்லும் பதில் இந்த மலையாகவே இருந்தால் அரசுப் பேருந்திலோ ரயிலிலோ ஏறி வாருங்கள்.